நூறு அடியில் நின்ற ஏணி

அமெரிக்கப் பெருநகரங்களின் தீயணைப்பு வரலாற்றைப் படிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் நீர் இறைக்கும் வண்டிகளிலேயே மனம் லயித்து நின்றுவிடுகிறார்கள். நீராவி, பித்தளைப் பளபளப்பு, மூன்று குதிரைகள் பாய்ந்து வரும் பழைய புகைப்படங்கள் என்று ஈர்ப்பதற்கு அங்கே நிறைய உண்டு. எனக்கோ முதலிலிருந்தே ஏணி வண்டிகளின் மீதுதான் நாட்டம். நீர் இறைப்பதில் இருந்த சிக்கல்கள் எஞ்சினின் வலுவோடு ஒவ்வொன்றாகத் தீர்ந்துபோயின. ஏணியின் சிக்கல் அப்படித் தீரவில்லை. எந்தச் சுவரிலும் சாயாமல் வானத்தை நோக்கி நிற்கும் ஒரு சட்டத்தின் உச்சிக்கு உயிருள்ள மனிதர்களை அனுப்பி, அவர்களைப் பத்திரமாக இறக்கவும் வேண்டும் என்ற சிக்கல் அது. 1930களில் அந்த ஏணி நூறு அடியை, அதாவது ஏறத்தாழ 30 மீட்டரை எட்டியது. இன்றும் அமெரிக்க நகரத் தெருக்களில் ஓடும் ஏணி வண்டிகளில் மிகப் பரவலான அளவு அதுவேதான். கட்டடங்கள் பத்து மடங்கு உயர்ந்துவிட்ட பிறகும் ஏணி ஏன் அங்கேயே நின்றது, அப்படி நின்றதால் நகரங்கள் எதையெல்லாம் மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

ஏணி வண்டிக்கு முன்பு கொக்கியும் ஏணியும் சுமக்கும் வண்டிகள் இருந்தன. தன்னார்வத் தீயணைப்புக் குழுக்களின் காலத்தில், நீண்ட கழிகளின் நுனியில் பொருத்திய இரும்புக் கொக்கிகளைக் கொண்டு, எரியும் மரவீட்டின் கூரையையும் சுவரையும் இழுத்துச் சாய்த்து, தீ அடுத்த வீட்டுக்குத் தாவாமல் தடுப்பார்கள். ஏணிகள் தனித்தனியாக வண்டியில் அடுக்கப்பட்டிருக்கும். அவற்றை ஆட்கள் தூக்கி, நிமிர்த்தி, சுவரில் சாய்க்க வேண்டும். மனித பலத்தால் நிமிர்த்தக்கூடிய மர ஏணிக்கு ஓர் எல்லை உண்டு. ஐம்பது அடிக்கு மேல் போனால் ஆறு பேர் சேர்ந்தாலும் அதைக் காற்றில் கட்டுப்படுத்துவது கடினம். வீடுகள் மூன்று, நான்கு தளங்களோடு நின்றவரை அந்த எல்லை போதுமானதாக இருந்தது.

அந்தப் போதுமை 1850களிலேயே ஆட்டம் காணத் தொடங்கியது. நியூயார்க்கின் ஹாவட் கட்டடத்தில் 1857இல் ஓட்டிஸ் நிறுவனத்தின் பயணிகள் மின்தூக்கிக்கு முன்னோடியான நீராவித் தூக்கி பொருத்தப்பட்டது. அந்தக் கட்டடத்துக்கு ஐந்து தளங்கள்தான். ஆனால் மாடிப்படி ஏறத் தேவையில்லை என்றானதும், தளங்களின் எண்ணிக்கையைக் கால்களின் களைப்பு இனிக் கட்டுப்படுத்தப் போவதில்லை என்பது தெளிவாகிவிட்டது. தீயணைப்பு ஏணியை ஏறுவதற்கோ கால்களைத் தவிர வேறு வழி இல்லை.

இந்த இடத்தில் வருகிறார் டேனியல் ஹேயஸ். சான் பிரான்சிஸ்கோவின் தீயணைப்புத் துறை, தன்னார்வக் குழுக்களைக் கைவிட்டு 1866 டிசம்பரில் சம்பளம் பெறும் துறையாக மாறியது. அதில் எந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பில் இருந்த ஹேயஸ், 1868இல் ஒரு ஏணிக்குக் காப்புரிமை பெற்றார். 85 அடி நீளும் மர ஏணி ஒன்றை வண்டியிலிருந்து இறக்காமல், வண்டியோடு நிரந்தரமாகப் பிணைத்துவிடுவதே அவருடைய எண்ணம். வண்டியின் நீளவாக்கில் ஒரு பெரிய கிடைத் திருகு படுத்திருக்கும். நான்கு முதல் ஆறு பேர் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற அந்தத் திருகு ஏணியின் அடியைத் தள்ளி அதை மெல்ல நிமிர்த்தும். பிறகு உள்ளிருக்கும் இரண்டாவது பகுதியைக் கயிற்றால் இழுத்து நீட்டுவார்கள்.

கேட்பதற்கு இது எளிய மாற்றமாகத் தெரியலாம். என் பார்வையில் இந்த வரலாறு முழுவதிலும் இதைவிடப் பெரிய அடி வேறில்லை. அதுவரை ஏணி சுவரை நம்பி நின்றது. எரிகிற சுவர் எப்போது சரியும் என்று எவருக்கும் தெரியாது. ஹேயஸுக்குப் பிறகு ஏணி தன் வண்டியின் எடையை நம்பி நின்றது. நம்பிக்கையின் ஆதாரம் கட்டடத்திலிருந்து எந்திரத்துக்கு இடம் மாறிய அந்தக் கணத்திலிருந்து, மேலே ஏறுபவரின் உயிருக்கு அதைச் செய்தவரும் இயக்குபவரும் பொறுப்பாளிகள் ஆனார்கள்.

அந்தப் பொறுப்பு எவ்வளவு கனமானது என்பதை நியூயார்க் 1875 செப்டம்பர் 14 அன்று கண்டது. இத்தாலியின் மிலான் நகரைச் சேர்ந்த பாவ்லோ போர்ட்டா வடிவமைத்த ஓர் ஏணியின் அமெரிக்க உரிமையை மேரி பெல் ஸ்காட் உடா என்ற பெண்மணி வாங்கியிருந்தார். எட்டுத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து உயர்த்தும் அந்த ஏணி ஹேயஸின் ஏணியைவிட உயரமாகப் போனது. பொதுமக்கள் முன்னிலையில் நடந்த செயல்விளக்கத்தில், தீயணைப்பு அதிகாரி வில்லியம் நாஷ் முன்னே ஏற, மற்ற வீரர்கள் பின்தொடர்ந்தார்கள். நூறு அடியை நெருங்கும் உயரத்தில் ஏணி முறிந்தது. நாஷும் இரண்டு வீரர்களும் இறந்தார்கள். அங்கே தீ இல்லை, புகை இல்லை, காப்பாற்ற வேண்டியவர் எவரும் சன்னலில் இல்லை. வெறும் ஒத்திகையில் மூன்று உயிர்கள் போயின. அதன்பின் வண்டியிலிருந்து எழும் ஏணிகளைத் தொடவே நியூயார்க் பல ஆண்டுகள் தயங்கியது. நாட்டின் மிகப்பெரிய நகரம், மிக வேகமாக உயர்ந்துகொண்டிருந்த காலத்தில், 1880கள் வரை காத்திருந்துதான் ஹேயஸ் வகை ஏணிகளை ஏற்றுக்கொண்டது. அந்தத் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று எழுதுபவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. தம் சகாக்கள் விழுவதைக் கண்ணால் பார்த்தவர்களிடம் மறுபடியும் ஏறச் சொல்வதற்கு முன், ஏணி தாங்கும் என்பதற்குச் சான்று காட்டியாக வேண்டும். அந்தச் சான்றைத் தரக்கூடிய சோதனை முறை எதுவும் அன்று இல்லை.

ஹேயஸின் உரிமையை 1880களில் எல்மைரா நகரத்து லாஃபிரான்ஸ் நிறுவனம் வாங்கியது. அடுத்த அரை நூற்றாண்டில் ஏணியின் நீளம் பெரிதாக மாறவில்லை. எழும் வேகம்தான் மாறியது. கைப்பிடியைச் சுற்றும் ஆறு பேரும் அந்த நேரத்தில் வேறு எதுவும் செய்ய முடியாது என்பதே பெரிய இழப்பு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒஹாயோ மாநிலத்தின் சீக்ரேவ் நிறுவனம் வலிய சுருள்வில்களைப் பயன்படுத்தத் தொடங்கியது. ஏணியைப் படுக்க வைக்கும்போது வில்கள் அழுந்திப் பூட்டப்படும். பூட்டைத் திறந்தால் அவை விரிந்து ஏணியை நொடிகளில் நிமிர்த்திவிடும். மாசசூசெட்ஸின் நியூ பெட்ஃபோர்டு நகரத் தீயணைப்புத் தலைவர் எட்வர்ட் டாஹில் வேறு வழியில் சென்று, அழுத்தப்பட்ட வாயுவைக் கொண்டு ஏணியைத் தூக்கும் கருவியை உருவாக்கினார். இரண்டிலும் நிமிர்த்துவதற்கு மட்டுமே உதவி கிடைத்தது. நீட்டுவதற்கும் திருப்புவதற்கும் கைகளே வேண்டியிருந்தன.

ஏணியின் நீளம் இன்னொரு தொல்லையையும் கூடவே கொண்டுவந்தது. நாற்பது, ஐம்பது அடி நீளமுள்ள வளையாத மரச்சட்டத்தைச் சுமக்கும் வண்டி நகரத்தின் தெருமுனையில் எப்படித் திரும்பும்? விடை, பின் சக்கரங்களுக்கும் தனியாக ஒரு சுக்கானும் அதைப் பிடிக்கத் தனியாக ஓர் ஆளும். முன்னால் குதிரைகளை ஓட்டுபவர் இடப்பக்கம் திரும்பும்போது, பின்னால் இருப்பவர் முதலில் எதிர்ப்பக்கம் ஒடித்து, வண்டியின் வாலை முனைச்சுவரில் இடிக்காமல் கொண்டுவந்து, பிறகு நேராக்க வேண்டும். பல வண்டிகளில் அவருடைய இருக்கை ஏணிக்கு மேலேயே இருந்ததால், ஏணியை உயர்த்தும் முன் அவர் தம் இருக்கையையும் சுக்கானையும் அகற்றி வழிவிட வேண்டியிருந்தது. ஒரே வண்டியை இரண்டு பேர், ஒருவரையொருவர் பார்க்காமல், ஒரே எண்ணத்தோடு ஓட்டுவது இது. பின்னாளில் மின்மணியின் ஒலியால் சைகை செய்துகொண்டார்கள். இப்போது காதுக்கருவி வழியாகப் பேசிக்கொள்கிறார்கள்.

குதிரைகள் போய் மோட்டார் வந்த கட்டத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஏணி வண்டிகள் விலை உயர்ந்தவை, உறுதியானவை. குதிரைகளுக்காக அவற்றைத் தூக்கி எறிய நகரங்கள் விரும்பவில்லை. ஆகவே வண்டியின் முன் அச்சைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பெட்ரோலில் ஓடும் இருசக்கர இழுவை எந்திரத்தைப் பொருத்தினார்கள். ஜான் வால்ட்டர் கிறிஸ்டி என்பவர் இப்படிப்பட்ட முன்சக்கர இயக்க இழுவைகளை நூற்றுக்கணக்கில் செய்து விற்றார். பின்னர் இவர் வடிவமைத்த சக்கரத் தொங்கலமைப்புதான் சோவியத்தின் டி-34 பீரங்கி வண்டி வரை போனது. நியூயார்க்கின் கடைசித் தீயணைப்புக் குதிரைகள் 1922 டிசம்பரில் ஓய்வு பெற்றன.

அதற்கு முன்பே, 1911 மார்ச் 25 அன்று, ஏணியின் எல்லை எது என்பதை உலகமே பார்த்துவிட்டது. நியூயார்க்கின் ஆஷ் கட்டடத்துக்குப் பத்துத் தளங்கள். எட்டு, ஒன்பது, பத்தாம் தளங்களில் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை. எட்டாம் தளத்தில் பற்றிய தீ நிமிடங்களில் மேலே பரவியது. ஒன்பதாம் தளத்தில் வெளியேறும் கதவு ஒன்று பூட்டியிருந்தது. வெளிப்புற இரும்புப் படிக்கட்டு ஆட்களின் பாரம் தாங்காமல் சரிந்தது. ஏணி வண்டி வந்தது, ஏணி உயர்ந்தது, ஆறாம் தளத்தருகே நின்றுவிட்டது. சன்னல் விளிம்புகளில் நின்றிருந்த பெண்கள் தங்களுக்குக் கீழே முப்பது அடித் தொலைவில் ஏணியின் நுனியைப் பார்த்தபடி இருந்தார்கள். சிலர் அதைப் பிடித்துவிடலாம் என்று தாவினார்கள். 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலானோர் புலம்பெயர்ந்து வந்த இளம்பெண்கள்.

நான் இந்த நிகழ்ச்சியைப் படிக்கும்போதெல்லாம் ஏணியை இயக்கியவர்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் தாமதிக்கவில்லை, தவறு செய்யவில்லை. அவர்களுடைய எந்திரம் அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதை முழுமையாகச் செய்தது. சிகாகோவின் ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடம் பத்துத் தளங்களோடு, 138 அடி உயரத்தில் எழுந்தது 1885இல். ஆக, நாட்டின் எந்த ஏணியும் எட்டாத உயரத்தில் கால் நூற்றாண்டுக்கும் மேலாக மனிதர்களை அமர வைத்து வேலை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த இடைவெளியை அறிந்திருந்தும் யாரும் கணக்கில் கொள்ளவில்லை.

அன்று நியூயார்க் தீயணைப்புத் துறைக்குத் தலைவராக இருந்தவர் எட்வர்ட் குரோக்கர். அதே ஆண்டு அவர் பதவியிலிருந்து விலகி, தீ அணைப்பதைவிடத் தீ தடுப்பதே இனித் தம் வேலை என்று அதற்கான தொழிலில் இறங்கினார். மாநில அரசு ஒரு தொழிற்சாலை விசாரணை ஆணையத்தை அமைத்தது. வெளியே திறக்கும் கதவுகள், தானியங்கி நீர்த்தெளிப்பான்கள், தீ ஒத்திகை ஆகியவற்றைக் கட்டாயமாக்கும் சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. இனி நீளமான ஏணி செய்வோம் என்று எவரும் முதன்மைத் தீர்வாகச் சொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஏணியை அறிந்தவர்களுக்கு அது தீர்வல்ல என்பதும் தெரிந்திருந்தது.

ஏன் தீர்வல்ல என்பதைப் புரிந்துகொள்ள, நீண்ட தூண்டில் கோலை ஒரு கையால் அடியில் பிடித்து நீட்டிப் பார்த்தால் போதும். நுனியில் தொங்கும் சிறிய மீனும் மணிக்கட்டை முறுக்கிவிடும். 250 பவுண்டு எடையுள்ள ஒரு மனிதர், கிடைமட்டமாக நீட்டிய நூறு அடி ஏணியின் நுனியில் நின்றால், அடியில் விழும் திருப்புவிசை 25,000 அடி-பவுண்டு. அதோடு ஏணியின் சொந்த எடையும் சேரும். அதன் பங்கு இதைவிடப் பல மடங்கு. நீளத்தை இரட்டிப்பாக்கினால் எடையும் கூடும், அந்த எடை செயல்படும் தொலைவும் கூடும். ஆகவே திருப்புவிசை இரட்டிப்போடு நிற்பதில்லை, நான்கு மடங்கைத் தாண்டும். அதைத் தாங்கப் பெரிய அடித்தளம் வேண்டும், அதற்குக் கனமான வண்டி வேண்டும், அதற்கு அகலமான, உறுதியான தெரு வேண்டும். காற்று வேறு இருக்கிறது. நுனியிலுள்ள குழாயிலிருந்து பீச்சும் நீரின் எதிர்விசை வேறு இருக்கிறது.

அடுத்த கணக்கு இன்னும் எளிது, இன்னும் இரக்கமற்றது. நூறு அடி ஏணி நூறு அடி உயரத்தை எட்டுவது அது ஏறத்தாழ நிமிர்ந்து நிற்கும்போது மட்டும்தான். நிறுத்தியிருக்கும் கார்களாலோ மரங்களாலோ ஏணியின் அடி சுவரிலிருந்து அறுபது அடி தள்ளிப் போய்விட்டால், எட்டும் உயரம் எண்பது அடியாகக் குறையும். எண்பது அடி தள்ளிப் போனால் அறுபதுதான். பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணம்தான் இது. தீ விபத்து நடந்த இடத்தில் கட்டடத்தின் முகப்பு ஏணி வண்டிக்கே உரியது என்பது அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களிடையே எழுதாத சட்டமாக இருப்பதற்குக் காரணமும் இதுவே. நீர் வண்டி முதலில் வந்தாலும் முகப்பைத் தாண்டிப் போய்த்தான் நிற்க வேண்டும். குழாயை இன்னும் நூறு அடி நீட்டிக்கொள்ளலாம், ஏணியை நீட்ட முடியாது.

உலோக ஏணி வந்த கதை 1930களுக்கு உரியது. விஸ்கான்சின் மாநிலம் கெனோஷாவின் பீட்டர் பிர்ஷ் நிறுவனம், ஒரே ஆள் இயக்கக்கூடிய, திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் தூக்கியோடு 1931இல் 85 அடி மர ஏணி ஒன்றை வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போக்கேன் நகரத்துக்குக் கொடுத்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், அதே நிறுவனம் அலுமினியக் கலவையில் பின்னல் சட்டமாக அமைந்த நூறு அடி ஏணியைச் செய்தது. சீக்ரேவும் அமெரிக்கன் லாஃபிரான்ஸும் எஃகு ஏணிகளோடு தொடர்ந்தன. மூன்று, நான்கு துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று அடங்குவதால் படுத்திருக்கும் ஏணி குறுகியது. ஆறு பேர் செய்ததை ஒருவர் மூன்று நெம்புகோல்களால் செய்தார்: எழுப்புவது, சுழற்றுவது, நீட்டுவது. மற்றவர்கள் கட்டடத்துக்குள் நுழையவும், கூரையை வெட்டிப் புகையை வெளியேற்றவும், ஆட்களைத் தேடவும் விடுபட்டார்கள். ஏணிக் குழுவின் வேலை ஏணியோடு முடிவதில்லை என்பதை வெளியே இருந்து பார்ப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். நியூயார்க்கின் ஏணிக் குழுவில் ஒருவர் கூரைக்குப் போவார், சிலர் உடைக்கும் கருவிகளோடு உள்ளே போவார்கள், வண்டி ஓட்டியவர் ஏணியின் சுழல்மேடையருகே நிற்பார். ஏணி அவர்கள் எல்லாருக்குமான வழி.

நூறு அடி ஏணி நிலைபெற்றுவிட்ட காலத்தில், 1946 டிசம்பர் 7 அன்று, அட்லாண்டாவின் வைன்காஃப் ஹோட்டல் எரிந்தது. பதினைந்து தளங்கள், ஒரே ஒரு படிக்கட்டு, நீர்த்தெளிப்பான் இல்லை. தீப்பிடிக்காத கட்டடம் என்று விளம்பரம் செய்யப்பட்ட இடம் அது. ஏணிகள் எட்டிய தளங்களில் இருந்த பலர் இறங்கிப் பிழைத்தார்கள். மேல்தளங்களை ஏணி எட்டவில்லை. பின்பக்கச் சந்தின் மேலாகப் பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஏணிகளைக் கிடைமட்டமாகப் போட்டு, பாலம்போல் சிலரைக் கடக்க வைத்தார்கள். 119 பேர் மாண்டார்கள். ஆஷ் கட்டடத்துக்கு 35 ஆண்டுகளுக்குப் பிறகு, உலோக ஏணியும் ஹைட்ராலிக் விசையும் வந்த பிறகு, அதே கணக்கு அப்படியே திரும்ப நிகழ்ந்தது.

இனி உயரத்தில் போட்டியில்லை என்ற உணர்வு வந்தபின் சிந்தனை பக்கவாட்டில் விரிந்ததாகவே எனக்குப் படுகிறது. சிகாகோவின் தீயணைப்பு ஆணையர் ராபர்ட் குவின், 1958இல், மரக்கிளை வெட்டுவது போன்ற பராமரிப்பு வேலைகளுக்காகச் செய்யப்பட்ட, முழங்கைபோல் மடங்கும் கையும் அதன் நுனியில் கூடையும் கொண்ட எந்திரத்தை வாங்கி, கூடையில் நீர்க்குழாயைப் பொருத்தினார். எட்டும் உயரம் ஐம்பது அடிதான். ஆனால் ஏணியால் முடியாத ஒன்றை அது செய்தது. தடைகளின் மேலாக வளைந்து போய், ஒரு மனிதரை இரு கைகளும் விடுபட்ட நிலையில் சன்னலுக்கு நேர் எதிரே நிறுத்தியது. சிகாகோக்காரர்கள் அதை ஸ்நார்க்கெல் என்றழைத்தார்கள். சில ஆண்டுகளில் அது நாடெங்கும் பரவியது.

நியூயார்க் 1964இல் வேறொன்றைத் தேர்ந்தெடுத்தது. மாக் நிறுவனத்தின் ஏரியல்ஸ்கோப் என்ற அந்த வண்டியில் மடங்கும் கை இல்லை. ஒன்றுக்குள் ஒன்று நீளும் பெட்டிச்சட்டமும், அதன் முனையில் கூடையும், பக்கத்தில் படிகளும் இருந்தன. எட்டும் உயரம் 75 அடி. நூறு அடி ஏணி வைத்திருந்த நகரம் 75 அடிக் கூடையை விரும்பி வாங்கியது பின்னடைவுபோல் தோன்றக்கூடும். நான் அதை மிகச் சரியான முடிவாகவே பார்க்கிறேன். குறுகலான தெருக்களில் நான்கைந்து தளக் குடியிருப்புகள் வரிசையாக நிற்கும் நகரம் அது. உயிரிழப்புகளில் பெரும்பகுதி அந்த வீடுகளில்தான். அங்கே முக்கியம் ஏணியின் நீளமன்று, முதியவரையோ குழந்தையையோ மயங்கியவரையோ ஏணிப்படி இறங்கச் சொல்லாமல் கூடைக்குள் எடுத்துவிட முடிவதுதான். எழுபது அடி உயரத்தில், இரவில், புகைக்குள், முன்பின் ஏணியேறாத ஒருவரைப் படிகளில் பின்புறமாக இறங்க வைப்பது எத்தனை கொடிய காரியம் என்பதை ஏணிக் குழுவினர் மட்டுமே அறிவார்கள். தவிரவும், அந்தக் கூடையைத் தரைமட்டத்துக்கு அருகே தாழ்த்தி, எரியும் கடையின் முகப்புக்குள் நேராக நீரைப் பாய்ச்ச முடிந்தது.

உயரத்தின் விடையை ஏணியிலிருந்து விலக்கி, கட்டடத்தின் மீதே சுமத்தியது சட்டம். அமெரிக்கக் கட்டட விதிகளில் உயர்கட்டடம் என்பதன் வரையறை, தீயணைப்பு வண்டி நிற்கக்கூடிய மிகத் தாழ்ந்த இடத்திலிருந்து 75 அடிக்கு மேல் மனிதர்கள் புழங்கும் தளம் கொண்டது என்பதாகும். அந்த 75 அடி எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் விடை கண்ணெதிரே நிற்கிறது. நூறு அடி ஏணியைச் சற்றுத் தள்ளி, நடைமுறையில் கிடைக்கும் இடத்தில் நிறுத்தினால் உறுதியாக எட்டக்கூடிய உயரம் ஏறத்தாழ அதுதான். அந்தக் கோட்டுக்கு மேலே போகும் கட்டடம் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். நீர்த்தெளிப்பான்கள், ஒவ்வொரு தளத்துக்கும் நீர் கொண்டுசெல்லும் நிலைக்குழாய்கள், புகை புகாத படிக்கட்டுகள், தீயணைப்பு வீரர் கட்டுப்படுத்தக்கூடிய மின்தூக்கிகள் ஆகியவை கட்டாயமாகின்றன. ஒரு மர ஏணியில் தொடங்கிய வரம்பு, வானளாவிகளின் உள்ளுறுப்புகளைத் தீர்மானிக்கும் கோடாக மாறியிருக்கிறது. இந்த வரலாற்றில் என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான்.

இந்தச் சட்டங்கள் சும்மா வந்துவிடவில்லை. 1970 ஆகஸ்டில், நியூயார்க்கின் ஐம்பது மாடி ஒன் நியூயார்க் பிளாசா கட்டடத்தில், எந்த ஏணிக்கும் அப்பாற்பட்ட 33ஆம் தளத்தில் தீப்பற்றியது. மின்தூக்கி தீப்பிடித்த தளத்திலேயே போய் நின்று திறந்ததால் இரண்டு பேர் இறந்தார்கள். 1973இல் உயரமான அலுவலகக் கட்டடங்களுக்கான உள்ளூர்ச் சட்டம் எண் 5ஐ நகரம் இயற்றியது. 1980 நவம்பரில் லாஸ் வேகஸின் எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டல் தீயில் 85 பேர் இறந்தபோதும் ஏணிகள் கீழ்த்தளங்களோடு நின்றன. கூரைக்கு ஏறிவிட்டவர்களை ஹெலிகாப்டர்கள் மீட்டன.

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கின் மூன்றாம் எண் ஏணிக் குழு தன் வண்டியை உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தின் அருகே நிறுத்திவிட்டு, கருவிகளைத் தோளில் சுமந்து படிக்கட்டில் ஏறியது. 110 தளங்களின் முன்னால் ஏணியைத் தூக்க எவரும் நினைக்கவில்லை. கோபுரம் சரிந்தபோது அந்தக் குழுவில் உள்ளே சென்றவர்கள் மாண்டார்கள். துறை அன்று இழந்தது 343 பேரை. நசுங்கிய அந்த ஏணி வண்டி இன்று நினைவு அருங்காட்சியகத்தில், தரைக்கு அடியில் இருக்கிறது. ஏணி நீட்டப்படாத ஏணி வண்டி அது. ஏணிக் குழு என்பது ஏணியின் நீளத்தோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு அதைவிடக் கனமான சான்று எனக்குத் தெரியவில்லை.

நூறு அடியைத் தாண்டும் எந்திரங்களே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். ஃபின்லாந்தின் பிராண்டோ ஸ்கைலிஃப்ட் நிறுவனம் 112 மீட்டர் எட்டும் கூடை வண்டியைச் செய்கிறது. அப்படிப்பட்ட வண்டிக்கு, சாயாமலிருக்கப் பக்கங்களில் ஊன்றும் தாங்குகால்களை விரிக்கப் பெரிய இடம் வேண்டும், விரித்து உயர்த்த நேரமும் வேண்டும். ஏணிக் குழு எண்ணும் நேரம் நொடிகளில் இருக்கிறது. எனவே பெரும்பாலான அமெரிக்க நகரங்கள் நூறு அடியோடு மனநிறைவு கொண்டு, அந்த நூறு அடியை ஐயமின்றி நம்பக்கூடியதாக்கும் வேலையில் இறங்கின. தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் தரவிதிகள்படி, முழுதும் நீட்டிய ஏணியின் நுனி எந்தக் கோணத்திலும் குறைந்தது 250 பவுண்டு தாங்க வேண்டும். ஏணிச் சட்டத்தின் வலிமை, சுமக்க வேண்டிய பாரத்தைப்போல் இரு மடங்கு இருக்க வேண்டும். வண்டி சமதரையில் ஒன்றரை மடங்கு பாரத்துக்கும் சாயாமல் நிற்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஆய்வு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பற்றவைப்புகளையும் உலோகத்தையும் சிதைக்காமல் உட்பிளவுகளைக் கண்டறியும் சோதனை. நாஷ் ஏறிய நாளில் கேட்டிருந்தால் யாரும் தந்திருக்க முடியாத சான்று இப்போது தாளில், கையெழுத்தோடு கிடைக்கிறது.

சான் பிரான்சிஸ்கோவைப் பற்றித் தனியே சில சொற்கள். தரையில் சாய்க்கும் ஏணிகளை அந்த நகரத் துறை இன்றும் தன் சொந்தப் பட்டறையில் டக்ளஸ் ஃபர் மரத்தில் கையால் செய்கிறது. தெருக்களுக்கு மேலே டிராலி பேருந்துகளுக்கும் டிராம்களுக்கும் போகும் மின்கம்பிகள் அங்கே ஏராளம். உலோக ஏணி ஒன்று அவற்றில் உரசினால் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. உலர்ந்த மரம் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. கடுந்தீயின் வெப்பம் பட்டால் அலுமினியம் தன் வலிமையை வெளித் தெரியாமலே இழக்கும், மரமோ கருகிக் காட்டிவிடும். பழுதானால் அந்த ஒரு படியை மாற்றலாம். பழமை மேல் கொண்ட பாசத்தால் இப்படிச் செய்கிறார்கள் என்று எழுதுவது அந்தப் பட்டறையின் அறிவை மதிக்காதது.

அதே நகரத்தில் எல்லா முன்வரிசை ஏணி வண்டிகளும் பின்சுக்கான் வண்டிகள். லாஸ் ஏஞ்சலஸ், சியாட்டில், வாஷிங்டன் போன்ற நகரங்களும் அவற்றைக் கைவிடவில்லை. அறுபது அடி நீளமுள்ள வண்டி, நாற்பது அடி நீளமுள்ள ஒற்றைச்சட்ட வண்டியைவிடக் குறுகிய முனையில் திரும்புகிறது என்பது பார்த்தால்தான் நம்பத் தோன்றும். பின்சக்கரங்களைத் தனியே ஒடிக்க முடிவதால், நிறுத்தியிருக்கும் கார்களுக்கிடையே வாலைச் செருகி ஏணியின் அடியைச் சுவருக்கு நெருக்கமாகக் கொண்டுவரவும் முடிகிறது. மேலே சொன்ன முக்கோணக் கணக்கில் அந்தச் சில அடிகள் ஒரு தளத்தின் உயரமாக மாறும்.

இன்று அமெரிக்க நகரங்களில் ஏணி வண்டியைச் சுற்றி நடக்கும் கடுமையான வாதம் தெருவின் அகலம் பற்றியது. சர்வதேசத் தீப்பாதுகாப்பு விதித்தொகுப்பு தீயணைப்பு வழிக்கு 20 அடி தடையற்ற அகலம் கேட்கிறது. அதன் பின்னிணைப்பை ஏற்றுக்கொண்ட ஊர்களில், 30 அடிக்கு மேல் உயர்ந்த கட்டடத்தின் அருகே, ஏணி வண்டி தாங்குகால் விரித்து நிற்க 26 அடி வேண்டும். அந்த வழி கட்டடத்திலிருந்து 15 அடிக்குக் குறையாமலும் 30 அடிக்கு மிகாமலும் இருக்க வேண்டும். தெரு அகன்றால் கார்கள் வேகமெடுக்கின்றன, நடப்பவர்கள் சாகிறார்கள் என்று தெருக்களை வடிவமைப்பவர்கள் எதிர்வாதம் செய்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோ உட்படப் பல நகரங்களில் இரு தரப்பும் வெளிப்படையாகவே மோதியிருக்கின்றன. இரு தரப்பும் உயிர்களைப் பற்றியே பேசுவதால் எளிதாக ஒரு பக்கம் சாய எனக்கு மனமில்லை. ஆனால் ஏணி வண்டிகளின் வரலாற்றைப் படித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்வேன். முப்பது டன்னைத் தாண்டும் வண்டியை முதலில் வாங்கிவிட்டு, பிறகு அதற்கேற்பத் தெருவை வெட்டச் சொல்வது தலைகீழான முறை. புதிய குடியிருப்புக்குத் தெரு வரையும் மேசையில் ஏணிக் குழுவின் ஓட்டுநர் ஒருவரை உட்கார வைத்து, எந்த முனையில் திரும்ப முடியும், எந்தச் சன்னலை எங்கிருந்து எட்ட முடியும் என்று கேட்டு வரையலாம். முனைகளை இறுக்கமாக வைத்துக்கொண்டே, பின்சுக்கான் வண்டியையும் அதன் பின்னிருக்கையில் அமரும் இரண்டாவது ஓட்டுநரின் சம்பளத்தையும் நகரம் ஏற்கலாம். அந்த ஒருவரின் சம்பளம் மிச்சமாகும் என்பதற்காகவே பல நகரங்கள் பின்சுக்கானைக் கைவிட்டன. அதை மீட்டுக்கொள்வது, தெருவெங்கும் ஆறு அடி கூடுதல் தார் போடுவதைவிட மலிவானது என்றே நான் கருதுகிறேன்.